பெரிய பதவியும் சின்னப் பிள்ளைகளும்: ஐந்து வழிகளில் யாருக்கு எது?

தலைமைப் பொறுப்பு ஒன்று தேடி வந்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இன்னும் வளரவில்லை. ஏற்பதா வேண்டாமா, ஏற்றால் வீட்டை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நேர மேலாண்மை அறிவுரைதான். விடியற்காலையில் எழுந்திருங்கள், போனைத் தள்ளி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கு ஒதுக்குங்கள். எதுவும் தப்பில்லை, ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்தும் வீட்டில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 45 மணி நேர வேலையிலேயே வீடு குலைந்துபோனவர்களும் உண்டு. அந்த மணி நேரங்கள் எப்போது வந்து விழும் என்று முன்கூட்டியே தெரிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் வீடு ஓடுகிறது.

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சில வேலைகளை அவர் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். எந்நேரம் கூப்பிட்டாலும் வந்து நிற்பவருக்கு அவை அள்ளிக் கொடுக்கும். நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்பவருக்கோ, குறைத்த நேரத்துக்கும் மேலாகவே சம்பளத்தில் வெட்டு விழும். ஒரே படிப்பு, ஒரே துறை, ஒரே சம்பளம் என்று தொடங்கிய தம்பதியில்கூட, குழந்தை பிறந்ததும் ஒருவர் பேராசை வேலைக்கும் மற்றவர் வளைந்து கொடுக்கும் வேலைக்கும் ஒதுங்குவது இதனால்தான் என்பது அவர் விளக்கம். இருவருமே வளைந்து கொடுக்கும் வேலையை எடுத்தால் குடும்ப வருமானத்தில் பெரிய துண்டு விழும். இருவருமே பேராசை வேலையை எடுத்தால் வீட்டில் ஆள் இருக்காது.

ஆகவே வழிகளை ஒப்பிட நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். காலை பதினொரு மணி. பள்ளியிலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்கிறார்கள். யார் எழுந்து போவது? முதல் அழைப்பு யாருக்கு என்று தெளிவாக இருக்கும் வீடு எந்தப் பதவியையும் ஓரளவு தாங்கும். தெளிவில்லாத வீட்டில் நல்ல சம்பளமும் நல்ல மனசும் இருந்தும் தினம் ஒரு சண்டை.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒரு சம்பவத்தைச் சொல்வதுண்டு. 1970-களில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், கணவர் மார்ட்டின் அதே நியூயார்க்கில் வரி வழக்கறிஞர். துறுதுறுவென்றிருந்த மகனைப் பற்றிப் புகார் என்றால் பள்ளி எப்போதும் அம்மாவைத்தான் கூப்பிடும். ஒரு நாள், இந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இரண்டு பேர், இனி மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள், இன்று அப்பா முறை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் போன் வருவதே அரிதாகிவிட்டதாம். பையன் திருந்திவிட்டதால் இல்லை. ஓர் ஆணை வேலையிலிருந்து எழுப்பப் பள்ளிக்குத் தயக்கம். முதல் அழைப்பு யாருக்கு என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் ஊர் முடிவு செய்துவிடும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக.

இருவரும் முழு வேகம், வீட்டுக்கு வெளி ஆள்

முதல் வழி, யாரும் வேலையில் பின்வாங்காமல் காப்பகம், வீட்டோடு ஆள், தாத்தா பாட்டி என்று உதவியைக் கூட்டிக்கொள்வது. இருவர் வருமானமும் இருவர் எதிர்காலமும் பத்திரம். குழந்தை ஐந்து வயதைத் தாண்டும் வரை இது நன்றாகவே ஓடும் என்பது என் எண்ணம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நேரம் தெரிந்த வேலைகள். அன்பான இன்னொருவர் செய்தால் குழந்தைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் பலர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். சின்ன வயதில்தான் கஷ்டம், வளர்ந்துவிட்டால் நாம் வேலையில் இறங்கிவிடலாம் என்று. 14 வயதுப் பிள்ளை எப்போது வாயைத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாரம் முழுக்க ஒற்றை வார்த்தைப் பதில். பிறகு செவ்வாய்க்கிழமை இரவு பத்தேகாலுக்கு, பல் தேய்த்துக்கொண்டே, வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்கும். அந்த நேரத்தில் அங்கே நிற்பதற்கு ஆள் வைக்க முடியாது.

இந்த வழியில் பணத்தைவிடப் பெரிய செலவு மேற்பார்வை. ஆளைத் தேடுவது, சொல்லித் தருவது, அவர் லீவு போட்டால் மாற்று, மாற்றும் வராவிட்டால் அதற்கு மாற்று. இந்தச் சங்கிலி யார் தலையில் ஓடுகிறதோ அவர் இரண்டு நிறுவனங்களை நடத்துகிறார் என்றே அர்த்தம். நன்றாகச் செய்தவர்கள் வேலையோடு சேர்த்து முடிவெடுக்கும் விதிகளையும் ஒப்படைத்திருக்கிறார்கள். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த இந்திரா நூயி சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தமானது. மகள் நின்டெண்டோ விளையாட அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்வாள். அம்மா ஊரில் இல்லாவிட்டாலும் வரவேற்பாளரிடம் கேள்விப் பட்டியல் தயார். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று விசாரித்துவிட்டு, சரி, அரை மணி நேரம் விளையாடு என்பார். பிறகு நூயிக்குத் தகவல் போய்விடும். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் யார் எதை முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருந்ததால் ஓடிய ஏற்பாடு அது.

மறுபக்கம் மரிசா மேயர். 2012 ஜூலையில் யாகூவின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் பின் சுமார் இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டார். அலுவலக அறையை ஒட்டியே குழந்தைக்கு ஓர் அறை. அடுத்த ஆண்டு ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதை அவர் நிறுத்தியபோது, எங்களுக்கு அந்தப் பக்கத்து அறை எங்கே என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. இந்த வழி எல்லாருக்கும் பொருந்தும் என்று பேசும் தலைவர்களிடம் நானும் அதைத்தான் கேட்பேன்.

ஒருவர் முன்னால், ஒருவர் வீட்டில்

அளவுகோலின்படி பார்த்தால் மிகத் தெளிவான ஏற்பாடு இதுதான். முதல் அழைப்பு வீட்டில் இருப்பவருக்கு, பேச்சே இல்லை. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் 2018 ஜூன் 21 அன்று மகளைப் பெற்றார். பதவியில் இருக்கும்போதே பிள்ளை பெற்ற அரசுத் தலைவர்களில் 1990-ல் பாகிஸ்தானின் பெனசீர் பூட்டோவுக்கு அடுத்தவர் அவர்தான். ஆறு வார விடுப்பு, அந்த நாட்களில் துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் தற்காலிகப் பிரதமர். தொலைக்காட்சித் தொகுப்பாளரான துணைவர் கிளார்க் கேஃபோர்ட் குழந்தையை முழுநேரமும் கவனித்துக்கொள்வார் என்பதை முன்பே அறிவித்துவிட்டார்கள். செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபைக்குக் கைக்குழந்தையோடு போனதை உலகமே பார்த்தது. அங்கும் குழந்தை கேஃபோர்டின் மடியில்தான். அந்தப் படத்தில் எல்லாரும் ஆர்டெர்னைப் பாராட்டினார்கள். நான் கவனிக்கச் சொல்வது மடியை.

ஆண் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே ஏற்பாட்டில்தான் வாழ்ந்திருக்கிறார்கள், பெயர் வைக்காமலேயே. அதனால் அதன் விலையும் வெளியே தெரியவில்லை. முகமது எல்-எரியன் பிம்கோ என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். ஒரு நாள் பத்து வயது மகளைப் பல் தேய்க்கச் சொல்லி, ஏன் சொன்னதும் கேட்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். அவள் அறைக்குள் போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். அப்பா வராமல் விட்ட 22 நிகழ்வுகள் அதில் வரிசையாக இருந்தன. பள்ளியின் முதல் நாள், பருவத்தின் முதல் கால்பந்து ஆட்டம், பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் நல்ல காரணம் இருந்தது: வெளியூர்ப் பயணம், முக்கியமான மீட்டிங், அவசர அழைப்பு. 2014-ல் அவர் பதவி விலகியதற்கான காரணங்களில் இந்தப் பட்டியலும் ஒன்று என்று பின்னர் அவரே எழுதினார். வீட்டில் ஒருவர் முழுநேரம் இருப்பதால் பிள்ளைக்கு இன்னொருவர் தேவையில்லை என்றாகிவிடாது. வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதியே முன்னால் ஓடுபவரை மெல்ல மெல்ல விருந்தாளி ஆக்கிவிடும்.

ஆன்-மேரி ஸ்லாட்டர் 2009 முதல் 2011 வரை அமெரிக்க வெளியுறவுத் துறையில் கொள்கைத் திட்டமிடல் இயக்குநர். வார நாட்களில் வாஷிங்டன், வாரக் கடைசியில் பிரின்ஸ்டனில் வீடு. கணவர் இரண்டு மகன்களையும் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். இருந்தும் மூத்தவன் பதின்வயதில் தடுமாறியபோது, இரண்டு ஆண்டு முடிந்ததும் அவர் பிரின்ஸ்டனுக்கே திரும்பினார். நேரத்தை ஓரளவு தானே நிர்ணயிக்க முடிந்த பல்கலைக்கழகப் பொறுப்பில் அவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக வந்ததில்லை. எவ்வளவு உழைத்தார் என்பதைவிட அட்டவணை யார் கையில் இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

வீட்டில் இருப்பவர் பக்கமும் ஒரு வார்த்தை. அவர் இழப்பது மாதச் சம்பளம் மட்டும் இல்லை. அனுபவ ஆண்டுகள், ஓய்வூதியச் சேமிப்பு, துறைத் தொடர்புகள், இவை எல்லாமும்தான். அவர் பெயரில் தனிச் சேமிப்பு இல்லாமல், திரும்பிப் போகும் ஆண்டு பேசி வைக்காமல் இந்த ஏற்பாட்டில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கல்யாணம் நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

முறை மாற்றிக்கொள்வது

கேட்க மிக நியாயமாக இருப்பதும், நடைமுறையில் மிக அதிகமாகத் தோற்பதும் இந்த வழி. இந்த ஐந்து வருடம் நீ ஓடு, அடுத்த ஐந்து வருடம் நான். பேச்சில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் முதலில் ஓடுபவருக்கு அந்த ஐந்து வருடத்தில் இரண்டு பதவி உயர்வு வந்துவிடும். மற்றவர் சம்பளம் நின்ற இடத்தில் நிற்கும். முறை மாற வேண்டிய நாளில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் இப்போது வேண்டாம் என்றுதான் விடை வரும். யாரும் ஏமாற்றவில்லை. கணக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

கின்ஸ்பர்க் தம்பதி இதில் வென்றவர்கள். மார்ட்டின் நியூயார்க்கில் சட்ட நிறுவனத்தின் பங்காளியாக உழைத்த ஆண்டுகளில் வீட்டுச் சுமை ரூத் பக்கம் அதிகம். 1980-ல் அவர் வாஷிங்டனில் மேல்முறையீட்டு நீதிபதியானபோது, மார்ட்டின் தன் வேலையை விட்டுவிட்டு உடன் சென்று அங்கே சட்டப் பேராசிரியரானார். வரிச் சட்டம் எந்த ஊரிலும் செல்லும் சரக்கு என்பது அவர்களுக்குக் கை கொடுத்தது. உங்கள் வீட்டில் முறை மாற்றும் திட்டம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்: இரண்டாவதாக ஓட வேண்டியவரின் தொழில், காத்திருந்தால் கெடாத தொழிலா?

ஸ்வீடனின் அனுபவமும் பயன்படும். 1974-லேயே அங்கே பெற்றோர் விடுப்பு இருவருக்கும் பொதுவானது. அப்பாக்களும் எடுக்கலாம் என்ற அனுமதி இருந்தும் பெரும்பாலும் அம்மாக்களே எடுத்தார்கள். 1995-ல் ஒரு மாதத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக ஒதுக்கி, எடுக்காவிட்டால் போச்சு என்று வைத்த பிறகுதான் அப்பாக்கள் வீட்டில் உட்காரத் தொடங்கினார்கள். இன்று ஒரு குழந்தைக்கு 480 நாட்கள், அதில் ஒருவருக்கு 90 நாட்கள் மற்றவருக்கு மாற்றித் தர முடியாதவை. விருப்பப்பட்டால் என்று விட்ட எதுவும் நடக்காது, தவறவிட்டால் இழப்பு என்றால் நடக்கும். வீட்டு ஒப்பந்தத்திலும் முறை மாறும் தேதியை நல்லெண்ணத்தில் விடாமல் வெளியே நிற்கும் ஒன்றோடு கட்டுங்கள்: பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் ஆண்டு, வீட்டுக் கடன் முடியும் மாதம்.

இன்னொன்று, முறை மாறும்போது தகவலும் மாற வேண்டும். காலணி அளவு இப்போது என்ன, எந்த மருந்துக்குத் தோல் தடிக்கும், போன வாரம் வரை உயிர்த்தோழியாக இருந்தவளோடு இப்போது ஏன் பேச்சில்லை. இது எதுவும் எந்தக் கோப்பிலும் இருக்காது. ஒரு மாதமாவது இருவரும் சேர்ந்து செய்யாமல் கைமாற்ற முடியாது. கைமாற்றிய பிறகு பழையவர் பின்னால் நின்று திருத்திக்கொண்டே இருக்கவும் கூடாது.

பதவியின் வடிவத்தையே மாற்றுவது

என் ஓட்டு இதற்குத்தான். மிகக் குறைவாக முயற்சி செய்யப்படுவதும் இதுதான், காரணம் எல்லாரும் பதவியை ஏற்ற பிறகு கேட்கிறார்கள். ஏற்பதற்கு முன்பு உங்களிடம் இருக்கும் பேரம் பேசும் பலம் மறுநாள் இருக்காது.

பதவியின் இயல்பே இப்படித்தான் என்று சொல்லப்படுவதில் பாதி வெறும் பழக்கம். ஜெர்மனியில் பங்கு நிறுவனங்களின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு மகப்பேறு விடுப்பு என்ற ஒன்றே முன்பு சட்டத்தில் இருந்ததில்லை. 2020-ல் வெஸ்ட்விங் என்ற இணையவழி வீட்டுப்பொருள் நிறுவனத்தின் இணை நிறுவனர் டெலியா லஷாஞ்ச் பிள்ளைப்பேற்றுக்காகக் குழுவிலிருந்து விலகவே வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த பிரசாரத்தின் பலனாக 2021-ல் சட்டம் மாறியது. இப்போது உறுப்பினர்கள் பொறுப்பை இடைநிறுத்தி வைத்துத் திரும்பி வரலாம். தலைமைப் பதவி பிரிக்க முடியாதது என்பதும் அப்படித்தான். 2020 முதல் நெட்ஃபிளிக்ஸுக்கு இரண்டு தலைமைச் செயல் அதிகாரிகள். குடும்பத்துக்காகச் செய்த ஏற்பாடு இல்லைதான், ஆனால் முடியும் என்பதற்குச் சாட்சி.

கோல்டின் காட்டும் மருந்தாளுநர் உதாரணம் இன்னும் அழுத்தமானது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்தாளுநர் என்றால் சொந்தக் கடை, நீண்ட நேரம், அவர் இல்லாவிட்டால் கடை இல்லை. பிறகு பெரிய சங்கிலி நிறுவனங்கள் வந்தன, மருந்துகள் தயார்நிலையில் வந்தன, நோயாளியின் விவரம் கணினிக்கு ஏறியது. இவர் போய் அவர் வந்தாலும் வேலை தடைபடாது. குறைந்த நேரம் வேலை செய்பவருக்கும் மணிக்கணக்கில் ஏறக்குறைய அதே சம்பளம். பெண்களுக்குச் சலுகை கொடுத்து வந்த மாற்றம் இல்லை இது. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கலாம் என்றானதும் தானாக வந்தது.

தலைமைப் பதவியில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கடந்த மாதக் காலண்டரை எடுத்து, ஒவ்வொரு மீட்டிங்குக்கும் பக்கத்தில், நானே இல்லாவிட்டால் நடக்காது, சொல்லிவிட்டால் இன்னொருவர் செய்வார், யாருமே போகாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். துணைக்கு இருப்பவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது. உங்கள் பட்டியலில்தான் 'நானே' அதிகம் இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் பிள்ளைக்கான நேரம் இருக்கிறது. ஆனால் துணைக்கு இருப்பவருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால், பதினொரு மணி போனுக்கு நீங்கள் எழுந்து போனாலும் வழியெல்லாம் இன்னொரு போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

விலகுவது, தள்ளிப்போடுவது

இரண்டும் ஒன்றல்ல. தள்ளிப்போடுவதற்கு முன், அந்த வாய்ப்பு திரும்ப வருமா என்று பாருங்கள். நீதித்துறை, பல்கலைக்கழகம், மருத்துவம் போன்றவற்றில் வயதோடு மதிப்பும் ஏறும். புதிய நிறுவனங்களில் அலை போனால் போனதுதான். ஏழு பிள்ளைகளின் தாயான உர்சுலா ஃபொன் டெர் லேயன் நாற்பதுகளில்தான் மாநில அமைச்சரானார் (2003), 2019-ல் ஐரோப்பிய ஆணையத் தலைவர். தாமதமாக வந்தாலும் உச்சிக்குப் போகலாம் என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள், அவருடைய அப்பா அதே மாநிலத்தின் முன்னாள் முதல்வர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

விலகுவதிலும் படிகள் உண்டு. மாங்கோடிபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி மேக்ஸ் ஷைர்சன் 2014-ல் பதவியை விட்டு அதே நிறுவனத்தில் துணைத் தலைவரானார். முழுநேரம்தான் வேலை செய்வேன், ஆனால் பைத்தியக்கார முழுநேரம் இல்லை என்றார். இவ்வளவு வேலையோடு பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பெண் தலைவர்களிடம் கேட்பவர்கள் தன்னிடம் கேட்டதே இல்லை என்றும் எழுதினார். ஒரு படி இறங்கி அதே கட்டடத்தில் இருப்பது, முழுதாக வெளியேறுவதைவிடப் பெரும்பாலும் நல்லது. திரும்ப ஏறுவதற்குப் படிக்கட்டு அங்கேயே இருக்கும்.

எனவே, பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள், துணைவரும் வேலையில் உறுதியாக என்றால் முதல் வழியையும் நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணம் மாதத்தில் பாதி நாட்களை விழுங்கும் பதவி என்றால் இரண்டாவதைத் தவிர எதுவும் நிற்காது, அதையும் சில ஆண்டுகளுக்கு மட்டும். பதின்வயதுப் பிள்ளை இருக்கிறது, பதவியின் அட்டவணை உங்கள் கையில் இல்லை என்றால் நான் தள்ளிப்போடச் சொல்வேன். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் கிடையாது. அவர் நான்காவதை எழுத்தில் வாங்காமல் பதவிக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் மறுபரிசீலனைக்கு ஒரு தேதி வேண்டும். பலர் டிசம்பர் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு வைப்பதுதான் பயன்படும். காப்பக இடம், பள்ளி நேரம், மாலை வகுப்புகள் எல்லாம் அப்போதுதான் முடிவாகும். அலுவலகத்தில் பயணத் திட்டத்தை மாற்றக் கேட்கவும் அப்போது நேரம் இருக்கும். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் அந்த மேசையில் அதற்கும் ஒரு நாற்காலி போடுங்கள். தன்னிடமும் ஒரு பட்டியல் இருப்பதாக அது சொல்லக்கூடும்.